‘நாங்கள்’ என்றால் ‘நீங்கள்?’ என்று கேட்பார்கள்

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, மென்பொருள் வேலை, எம்பிஏவுக்கு விண்ணப்பித்த வணிகப் பள்ளிகளில் இரண்டு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கின்றன, கையில் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், ஆனால் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் தடுமாறுகிறது, என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வேலையாக அந்த நாற்பது பதில்களை மூடி வையுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ராத்திரி கண்விழித்து எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே செய்து, அதனாலேயே ஓர் இடத்தை இழந்தவள்.

என் முதல் இன்டர்வியூ அது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் கேட்டார்: “உங்கள் மேலதிகாரியோடு ஒத்துப்போகாத ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.” எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் அந்தக் கேள்வி என் பட்டியலில் இருந்தது. கடகடவென்று ஒப்பித்தேன்: ரிலீஸுக்கு முன் சோதனை முடியவில்லை என்பதை எங்கள் டீம் உணர்ந்தது, நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னோம், அவர்களும் ஏற்றுத் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த அறையில் யார் யார் இருந்தீர்கள்? நீங்கள் சொன்ன வார்த்தை என்ன?” என்றார். என்னிடம் பதில் இல்லை. எழுதி வைத்ததில் அது இல்லையே.

உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் மேனேஜர் மேசைக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து, இன்னும் ஓட்டாத முப்பது சோதனைகளை வரிசையாகக் காட்டி, “இதோடு வெளியே விட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி உங்களைத்தான் எழுப்புவார்கள்” என்றேன். கை நடுங்கியது. அவர் பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு போனை எடுத்து கிளையன்டைக் கூப்பிட்டார். அந்த அம்மையார் கேட்ட பதில் முழுவதும் இதில் இருந்தது. தற்பெருமையாகப் போய்விடும் என்று நானே அதை அழித்துவிட்டு, ‘எங்கள் டீம் உணர்ந்தது’ என்று எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் வேறொரு பள்ளியில் இடம் கிடைத்தது. படித்து முடித்து வேலைக்குப் போன சில வருடங்களில், முன்னாள் மாணவி என்ற முறையில் புதிதாக விண்ணப்பிப்பவர்களை நேர்காணச் சொல்லி அதே பள்ளி கேட்டுக்கொண்டது. இப்போது ஒன்பது வருடமாகச் செய்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நம்மவர்கள் திறமை இல்லாமல் தோற்பதை நான் அதிகம் பார்க்கவில்லை. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தோற்கிறார்கள்.

இந்த இன்டர்வியூக்கள் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையின் மேல் கட்டியவை: ஒருவர் இதற்கு முன் எப்படி நடந்துகொண்டாரோ, அதுவே இனி எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நல்ல அடையாளம். அதனால்தான் ‘நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்பதை விட ‘என்ன செய்தீர்கள்’ என்று அதிகம் கேட்கிறார்கள். எம்ஐடி ஸ்லோன் பள்ளி இதை வெளிப்படையாகவே சொல்வது வழக்கம்: அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள், என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். நான்குமே ஒரே ஆளைப் பற்றியவை. ‘நாங்கள்’ என்றால் உடனே ‘அதில் நீங்கள்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு முறை கேட்டும் ‘நாங்கள்’ என்றே வந்தால் குறிப்பேட்டில் எழுத எனக்கு ஒன்றும் இருக்காது.

‘நான்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால் ஒரு வழி சொல்கிறேன். பெரிய வினைச்சொற்களை விட்டுவிடுங்கள். ‘தலைமை தாங்கினேன்’, ‘மாற்றத்தைக் கொண்டுவந்தேன்’ என்று சொல்லும்போதுதான் நாக்கு கூசும். கேட்டேன், எண்ணிப் பார்த்தேன், போன் செய்தேன், மறுத்தேன், மன்னிப்புக் கேட்டேன் என்று சின்னச் சொற்களில் சொல்லுங்கள். இவற்றில் பெருமை ஒட்டாது. ஆனால் கேட்கிறவருக்கு உங்கள் தலைமை கண்ணுக்குத் தெரியும்.

ஒருவரை என்னால் மறக்க முடியாது. அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். மருத்துவமனை ஒன்றின் பில்லிங் மென்பொருளை மாற்றும் வேலையில் இருந்தவர். ஆங்கிலம் அவருக்குச் சரளம் கிடையாது, வார்த்தை தேடித் தேடிப் பேசினார். புதிய திரையை நர்ஸ்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லையாம். இவர் ராத்திரி பதினொரு மணிக்கு வார்டுக்குப் போய், ஒரு நர்ஸ் பின்னால் இரண்டு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். “அவர் கையுறையைக் கழற்றாமல் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று முறை கழற்றி மாட்டினார். நான் எண்ணினேன்” என்றார். ‘நான் எண்ணினேன்’ என்பதை அப்படியே எழுதிக்கொண்டேன். இலக்கணப் பிழை எத்தனை வந்தது என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நாற்பது பதில்களுக்குப் பதிலாக உங்கள் வேலையிலிருந்தும் வாழ்க்கையிலிருந்தும் ஏழெட்டு நிகழ்ச்சிகளை எடுங்கள். ஒன்றில் நீங்கள் தோற்றிருக்க வேண்டும்; ஒன்றில் யாரோடாவது மோதியிருக்க வேண்டும்; ஒன்றில் வேறொருவருக்காக நின்றிருக்க வேண்டும்; ஒன்றில் உங்கள் எண்ணமே மாறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம். யார் இருந்தார்கள், தவறியிருந்தால் எது கைவிட்டுப் போயிருக்கும், நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே, கடைசியில் எந்த எண் மாறியது, இன்றைக்கானால் எதை வேறு மாதிரி செய்வீர்கள். கேள்வி எப்படி வளைந்து வந்தாலும் இந்த ஏழெட்டில் ஒன்று பொருந்தும். வாக்கியங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், நிகழ்ச்சியை நினைவில் வையுங்கள். நடந்ததுதானே, மறக்காது.

பிறகு அதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், வீட்டில் யாரிடமாவது போனில் சொல்லுங்கள். அவர் ‘அப்புறம்?’ என்று கேட்கிற இடத்தில் கதை உயிரோடு இருக்கிறது. ‘சரி சரி’ என்று சொல்லும் இடத்தில் பின்னணியை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படி முறையை எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், நல்ல முறைதான். ஆனால் நம்மவர்கள் மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடத்தை முதல் படியிலேயே செலவழித்துவிடுகிறார்கள். தமிழில் கதை சரியாக வந்த பிறகு ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். மூன்றாவது முறை பழகிவிடும்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இங்கே தேர்வு செய்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வருகிற உச்சரிப்புகளைத் தினமும் கேட்கிறார்கள். வேகம்தான் பிரச்சினை. பதற்றத்தில் நாம் வேகம் கூட்டுகிறோம், வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறது. கேள்வி கேட்டதும் இரண்டு வினாடி மூச்சு விடுங்கள். புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. இன்னொன்று: அவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சார்’ வேண்டாம். முதலில் ஏதோ மரியாதைக் குறைவு போலத் தோன்றும். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது.

உங்களை அழைத்த பள்ளிகள் எப்படி நடத்துகின்றன என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே பாருங்கள், ஏனென்றால் எல்லாம் ஒன்று போல இருக்காது. ஹார்வர்டில் உங்கள் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டு வந்து அரை மணி நேரம் பேசுவார்கள். விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டுரையில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஸ்டான்ஃபோர்டிலும் சிகாகோ பூத்திலும் பேசுகிறவரிடம் உங்கள் ரெஸ்யூமே மட்டும் இருப்பதுதான் வழக்கம், ஆகவே கட்டுரையில் சொல்லிவிட்டேனே என்று எதையும் விட்டுவிடக் கூடாது. இன்சியாடில் பொதுவாக இரண்டு முன்னாள் மாணவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

வார்ட்டன் முறை வேறு. ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்காரவைத்து, முன்கூட்டியே கொடுத்த ஒரு விஷயத்தைப் பற்றி 35 நிமிடம் கூடிப் பேசி முடிவுக்கு வரச் சொல்வார்கள், அதன்பின் தனியாகப் பத்து நிமிடம். அங்கே அதிகம் பேசுகிறவர் ஜெயிப்பதில்லை. பேசாமல் இருப்பவரைப் பார்த்து ‘நீங்கள் முதலில் சொன்ன யோசனையை இதோடு சேர்க்கலாமா’ என்று கேட்கிறவர், நேரம் பார்த்து ‘இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது’ என்று நினைவூட்டுகிறவர் தெரிவார். மற்றவர்களைப் போட்டியாளர்களாக நினைக்காமல் பேசினாலே பாதி வேலை முடிந்தது.

ஏன் எம்பிஏ, ஏன் இப்போது, ஏன் இந்தப் பள்ளி என்ற மூன்றும் அநேகமாக வரும். மூன்றாவதற்கு வலைத்தளத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களோடு பேசுங்கள். எந்த வகுப்பு அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது என்று கேளுங்கள். அதைச் சொன்னால் போதும்.

இந்த நாட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்ற ஆசையைச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் தங்கினேன். ஆனால் அவர்கள் கேட்பது படிப்புக்குப் பின் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை. எந்தத் துறை, எந்த மாதிரி பொறுப்பு, அதற்கு உங்களிடம் இப்போது என்ன குறைகிறது என்று சொல்லுங்கள். ஊரில் போய்ச் சேவை செய்வேன் என்று மனதில் இல்லாததைச் சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே அது கலைந்துவிடும். வேலை விவரங்களில் ஒரு மாதத்தைக்கூடக் கூட்டாதீர்கள். இடம் கொடுத்த பிறகு சரிபார்க்கும் பள்ளிகள் உண்டு, பொய் என்று தெரிந்தால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

புதிதாக வந்தவர் என்பதால் ஒரு சின்ன விஷயம். வீடியோவில் நடக்கும் என்றால் நேரத்தை இரண்டு முறை சரிபாருங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட வாரங்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மாறிவிடும். அந்த வாரங்களில் ஒரு பையன் என்னோடு இருந்த இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, திரையில் அழாத குறையாக நின்றான். நான் மறுபடி நேரம் கொடுத்தேன். எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிடுங்கள், ஒரு முறை நடத்திப் பார்ப்போம். ரெஸ்யூமே மட்டும் அனுப்புங்கள், கட்டுரைகள் வேண்டாம். மேலதிகாரியோடு ஒத்துப்போகாத சமயத்தைத்தான் முதலில் கேட்பேன்.