கஞ்சா இல்லாத நாளில் வரும் கோபம்

கேள்வி: எனக்கு 26 வயது. மூன்று வருடமாகத் தினமும் இரவில் கஞ்சா புகைக்கிறேன். புகைத்தால் மனசு அடங்குகிறது. ஒரு நாள் விட்டாலும் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறேன், அழுகிறேன். என் சுபாவமே இதுதானா?

பதில்: விட்ட மறுநாள் வரும் கோபத்தை வைத்து உங்கள் சுபாவத்தை முடிவு செய்யாதீர்கள். அதில் பெரும்பகுதி கஞ்சா விட்டுப்போன கோபமாகத்தான் இருக்கும்.

பயமும் ஆத்திரமும் கிளம்புவதில் மூளையின் அமிக்டலாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதைக் கட்டுக்குள் வைக்க உதவுவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. இரண்டிலும் சிபி1 என்ற ஏற்பிகள், அதாவது சில வேதிப்பொருட்கள் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள், இருக்கின்றன. மூளை தானாகவே, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு, ஆனந்தமைடு போன்ற பொருட்களைச் சுரந்து அவற்றின் வழியாகப் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளும். கஞ்சாவில் இருக்கும் டிஹெச்சி அதே ஏற்பிகளை வரைமுறை இல்லாமல், வெகுநேரம் தூண்டுகிறது. தினமும் இது நடந்தால் மூளை ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் கஞ்சா இல்லாத நாளில், மூளை சொந்தமாகச் சுரப்பது போதாமல் போகிறது. அன்றைக்குத்தான் நீங்கள் கத்துகிறீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. தினமும் புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், புறணியில் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்த ஏற்பிகள், நிறுத்திய நான்கு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்திருந்தன. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தூக்கம் சரியாக மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். அதனால் ஒரு மாதமாவது விட்டுப் பார்க்காமல் உங்கள் சுபாவம் என்னவென்று உங்களுக்கே தெரியாது. புகையிலை கலந்து புகைக்கிறீர்கள் என்றால் நிகோட்டின் விட்ட எரிச்சலும் சேர்ந்துகொள்ளும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதலில் எதற்காகத் தொடங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய பதற்றமோ மனச்சோர்வோ அடியில் இருந்தால், ஒரு மாதம் கழித்தும் அது அங்கேயே இருக்கும். அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும், நல்ல சிகிச்சையும் இருக்கிறது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், "இரண்டு வாரம் நான் எரிந்து விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்பே சொல்லிவையுங்கள். யாரோ பேசுவதுபோலக் காதில் கேட்டாலோ, காரணமில்லாமல் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தாலோ, உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினாலோ அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.