பாதையைப் பார்த்து நடங்கள், கயோட்டி தெரியும்

கேள்வி: சிகாகோவின் வடமேற்குப் புறநகரில், பஸ்ஸி வுட்ஸ் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். போன வாரம் காலை நடையின்போது நாய் மாதிரி ஒரு சாம்பல் நிற விலங்கு பாதையைக் கடந்து புல்லுக்குள் போய்விட்டது. கயோட்டி என்கிறார்கள். மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்று ஒன்பது வயது மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கே, எப்போது பார்க்கலாம்? பிள்ளையையும் எங்கள் சின்ன நாயையும் கூட்டிக்கொண்டு போவது ஆபத்தா?

பதில்: நீங்கள் பார்த்தது கயோட்டிதானா என்பதை வாலை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஓடும்போதும் கயோட்டி வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், வால் நுனி கறுப்பு. அங்கே உள்ள செந்நரிக்கு வால் நுனி வெள்ளை, கால்கள் கறுப்பு. வீட்டு நாய் பெரும்பாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். பெரிய கூர்மையான காதுகள், ஒடுங்கிய முகம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். குளிர்கால ரோமம் ஆளைப் பெரிதாகக் காட்டும். அந்தப் பகுதிக் கயோட்டி பெரும்பாலும் 11 முதல் 16 கிலோ எடைதான் இருக்கும். நம் ஊர் நரிக்கு நெருங்கிய சொந்தம், அதைவிடக் கொஞ்சம் பெரிது.

மறுபடி பார்க்க வேண்டுமானால், முதல் சில நாட்கள் பைனாகுலரை வீட்டில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நடங்கள். மனிதர் நடமாட்டம் உள்ள இடங்களில் கயோட்டி தன் வேலையை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. ஆனால் நடப்பதற்குச் சுலபம் என்பதால் நாம் நடக்கும் அதே பாதையில்தான் அதுவும் நடக்கும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கெர்ட் குழு 2000-ஆம் ஆண்டிலிருந்து, சிகாகோவும் உங்கள் காடும் அடங்கிய குக் கவுண்டி என்ற மாவட்டத்தில், கயோட்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டையான ரேடியோ காலரை மாட்டிப் பின்தொடர்ந்து வருகிறது. குடும்பமாக வாழும் ஒரு கயோட்டியின் எல்லை அங்கே சராசரியாக ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர்தான் என்று அந்த ஆய்வில் தெரியவந்தது. அதாவது உங்கள் காட்டில் இருக்கும் குடும்பம் அதே இடங்களைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். பழகிய வழி எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கால்தடத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல இடம் மழை பெய்த மறுநாள் சேறு. அதைவிட நல்லது புதுப் பனி. கயோட்டியின் தடம் நீள்வட்டமாக 6 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கும். நடு இரண்டு விரல்களின் நகம் நெருக்கமாக, நேர் முன்னோக்கிப் பதிந்திருக்கும். ஓர விரல்களின் நகம் பல சமயம் பதியவே பதியாது. விரல்களுக்கும் பின்திண்டுக்கும் நடுவில் மேடாக நிற்கும் மண்ணை உற்றுப் பாருங்கள், பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு கோடுகள் தெரியும். நாய்த் தடம் அகலமாக, விரல்கள் விரிந்து இருக்கும்.

ஒற்றைத் தடத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்வதில்லை. சில நாய்களின் தடம் அச்சு அசலாகக் கயோட்டி மாதிரியே இருக்கும். இருபது முப்பது அடி தூரம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வயிறு நிறைந்த வீட்டு நாய் இங்கே மோந்து, அங்கே திரும்பி, வட்டமடித்துப் போயிருக்கும். கயோட்டி நூல் பிடித்த மாதிரி போகும், முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் பதியும். தன் இரையைத் தானே தேட வேண்டிய விலங்கு சக்தியை வீணாக்காது. பக்கத்தில் மனிதக் காலடி இல்லாமல் இப்படி ஒரு கோடு புல்வெளி ஓரமாகப் போனால் அது உங்கள் ஆள்தான்.

அடுத்தது எச்சம். பாதையின் நடுவில், அதுவும் இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் போட்டு வைக்கும். எல்லையைச் சொல்ல அது ஒரு வழி. முறுக்கிய கயிறு மாதிரி, முனை கூம்பி, ரோமமும் எலும்புத் துணுக்கும் கலந்து இருக்கும். சில நேரம் எலியின் மஞ்சள் படிந்த முன்பல் மேலேயே தெரியும். கோடை முடிவில் காட்டுச் செர்ரிக் கொட்டைகளாகவே கிடக்கும். அந்தக் கவுண்டியில் எடுத்த எச்சங்களை ஆராய்ந்தபோது 42 சதவீதத்தில் சிறு எலி வகைகள், 23 சதவீதத்தில் பழம், 22 சதவீதத்தில் மான், 18 சதவீதத்தில் முயல் இருந்தன. வீட்டுப் பூனை ஏறக்குறைய ஒரு சதவீதத்தில் மட்டுமே. எச்சத்தைக் கையால் தொடவோ கிளறவோ கூடாது, மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழு முட்டைகள் அதில் இருக்கக்கூடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், போதும். மரத்தடியில் குவியலாகக் கிடந்தால் அது ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கினுடையது. அங்கே பிள்ளையைக் கிட்டவே விடாதீர்கள், அதன் உருண்டைப்புழு இன்னும் மோசமானது.

வழி தெரிந்த பிறகு பைனாகுலரை எடுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் சிறந்த காலம். மரங்களில் இலை இருக்காது, பனியில் உருவம் பளிச்சென்று தெரியும், இணை சேரும் பருவம் என்பதால் ஜோடியாகவே திரியும். விடிந்து காட்டின் வாயிற்கதவு திறந்ததும் போய், காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக, புல்வெளியும் மரங்களும் சந்திக்கும் ஓரத்தில் அசையாமல் நில்லுங்கள். எலி வேட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம்: கயோட்டி சிலைபோல நிற்கும், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பனிக்கு அடியில் எலியின் சத்தத்தை உற்றுக் கேட்கும், பிறகு நாலு காலும் தரையைவிட்டு எழும்ப வளைந்து பாய்ந்து முன்கால்களால் அமுக்கும். உறைந்த ஏரிமேல் அது நடந்து போவதையும் பார்க்கலாம். நீங்கள் பனிக்கட்டியில் இறங்க வேண்டாம்.

ஊளையை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். இரண்டு கயோட்டிகள் குரலை ஏற்றி இறக்கினாலே ஒரு பட்டாளம் மாதிரி கேட்கும்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். வட அமெரிக்கா முழுவதிலும் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டு: 1981-இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இளம்பெண். அபூர்வம்தான், ஆனாலும் பிள்ளையைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். கயோட்டி நின்று உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். அதுவே நெருங்கி வந்தால் ஓடக் கூடாது. கையை உயர்த்தி உரக்கக் கத்துங்கள். ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போட வேண்டாம். மனிதரிடம் உணவுக்குப் பழகிய கயோட்டி பயத்தை இழக்கும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மகளிடம் கண்டிப்பாக இருங்கள்.

நாயை அழைத்துப் போகலாம், ஆனால் ஜனவரி முதல் ஜூன் வரை கவனம் தேவை. அந்தக் காலத்தில் நாயை ஊடுருவ வந்த போட்டியாளராகவே கயோட்டி பார்க்கும். ஏப்ரலில் குட்டி போடும், அப்போது ஒன்று உங்களைப் பின்தொடர்ந்து வந்தால் வளை பக்கத்தில் இருக்கிறது, அது உங்களை வழியனுப்புகிறது. நாயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி, சில வாரம் வேறு பாதையில் நடங்கள். வளையைத் தேடிப் போகாதீர்கள். நீட்டி விடும் லீஷ் வேண்டாம், இரண்டு மீட்டர் கயிறு போதும். ரேபிஸ் (வெறிநோய்), டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்) ஊசிகளைத் தவறாமல் போட்டுவிடுங்கள். கயோட்டியைப் பார்க்கவென்றே போகிற காலைகளில் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.