தாடியில் எடுத்த ஈஸ்ட், புளிக்கிற பீர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கிராஃப்ட் பீர், அதாவது சின்ன நிறுவனங்கள் தங்கள் பாணியில் காய்ச்சும் பீர் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பீர்த் திருவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களுடையவை, அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். குடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம், கடைசிக்கு முந்தைய கேள்வி உங்களுக்குத்தான்.

முதல்முறையாக ஒரு பீர்த் திருவிழாவுக்குப் போகிறேன். நூற்றுக்கணக்கில் பீர் இருக்குமாம். வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிக்க வேண்டும் என்கிறார் நண்பர். சரியா?

நிறத்தை நம்பி இறங்காதீர்கள். கன்னங்கரேலென்று இருக்கும் கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். பொன்னிறத்தில் அப்பாவியாக மின்னும் பெல்ஜியத்து வெஸ்ட்மாலே டிரிப்பெல்லில் 9.5 சதவீதம். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, எவ்வளவு வறுத்தார்கள் என்பதைத்தான் நிறம் சொல்லும். ஏறுமா ஏறாதா என்பதை அது சொல்லாது.

எது நாக்கில் அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்குமோ அதைப் பின்னால் வையுங்கள். லாகர் (கடையில் வழக்கமாகப் பார்க்கும் பொன்னிற பீர்), கோதுமை பீர் போன்ற மென்மையானவை முதலில், ஆல்கஹால் குறைந்த புளிப்பு வகைகள் அடுத்து, அப்புறம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், கடைசியில் புகை வாசனை பீரும் விஸ்கி பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட்டும் (ஆல்கஹால் தூக்கலான கறுப்பு பீர்). தலைகீழாகப் போனால், கசப்பான டபுள் ஐபிஏவுக்குப் பிறகு நல்ல பில்ஸ்னர் லாகர்கூடத் தண்ணீர் மாதிரிதான் தெரியும், பாவம் அதன் மேல் தப்பில்லை. நடுவில் தண்ணீரும் உப்பு போடாத வெறும் ரொட்டியும் போதும். காரம் எதுவும் வேண்டாம். இன்னொன்று, கறுப்பு ஸ்டவுட்டைச் சில்லென்று ஊற்றிக் கொடுத்தால் உடனே குடிக்காதீர்கள். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், குளிரில் அடங்கிக் கிடந்த சாக்லேட், காபி வாசனையெல்லாம் மெல்ல எழுந்து வரும்.

சின்னச் சின்ன கிளாஸ்தானே தருகிறார்கள், பத்து பதினைந்து குடித்தால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லி கிளாஸ், 8 சதவீத பீர், பத்து தடவை. மொத்தம் ஒரு லிட்டர், அதில் சுத்தமான ஆல்கஹால் 80 மில்லி. பிரிட்டனில் 10 மில்லி ஆல்கஹாலை ஒரு யூனிட் என்பார்கள், அதைக் கரைக்க உடலுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகும். ஆக எட்டு மணி நேர வேலையைச் சின்ன கிளாஸ்களிலேயே கல்லீரலுக்குக் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது கிளாஸை, அது எண்ணுவது ஆல்கஹாலை.

அமெரிக்காவில் 1982 முதல் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 30 மில்லி சொச்சம்தான் ஊற்றுவார்கள். கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவலில் குறைந்த அளவே பைண்ட்டில் மூன்றில் ஒரு பங்காக, கிட்டத்தட்ட 190 மில்லியாக இருந்தது. அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் ஒரு கிளாஸைப் பகிர்ந்துகொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். வகையும் கூடும், காலும் தரையில் நிற்கும்.

ஒரு திருவிழாவில் வாங்கிய பீர் ஒரே புளிப்பு, தொழுவ வாசனை வேறு. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டார்களா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பெல்ஜியத்து லாம்பிக் வகையாக இருக்க நிறைய வாய்ப்பு. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியின் பழைய முறை அது. மற்ற பீர்களில் ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைப் போடுவார்கள். இங்கே கொதித்த மால்ட் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி ஒரு ராத்திரி திறந்தபடியே விட்டுவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்கும். அதனால்தான் குளிர்காலத்தையொட்டிய மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள், வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். பிறகு மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே நொதித்துக் குமிழ் கொடுக்கும். புளிப்புச் செர்ரியைப் போட்டு ஊறவைத்தால் கிரீக்.

அந்தத் தொழுவ வாசனை பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. 1904-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாசன், இங்கிலாந்து பீர்களில் இருந்து பிரித்தெடுத்து விவரித்தது. பெரும்பாலான இடங்களில் அது தலைகாட்டினால் பீப்பாயையே கொட்டிவிடுவார்கள், லாம்பிக்கில் அது வராவிட்டால்தான் கவலை.

ஜெர்மனியின் கோசெ இன்னொரு புளிப்பு. கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்சிக்கில் புகழ்பெற்றது, உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். 1966-ல் லைப்சிக்கில் அதைக் காய்ச்சுவதே நின்றுபோய் 1980-களில் மறுபடி உயிர் பெற்றது. இப்போது உலகத்தில் பாதிக் கிராஃப்ட் பீர்க்காரர்கள் அதில் ஏதாவது பழத்தைப் போட்டு விற்கிறார்கள், பல சமயம் பழச்சாறு குடிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் புளிப்பாக இருப்பதெல்லாம் நல்ல பீர் என்றும் சொல்ல மாட்டேன். லாகர் என்று கொடுத்தது புளித்தால் அது கோளாறுதான். வேண்டுமென்றே வரவழைத்த புளிப்பு சுத்தமாக இருக்கும், வாயில் எச்சில் ஊறும், அடுத்த மடக்கைக் கேட்கும். மூக்கைக் குத்தும் வினிகர் நெடி தனியாகத் தூக்கினால் நம்ப வேண்டாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீருக்குள் காற்றுப் புகுந்து பழசாகிவிட்டது. லாகரில் வெண்ணெய் வாசனை அடித்தால் நொதித்தலை அவசரமாக முடித்திருக்கலாம், அல்லது குழாயைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம். திறந்தவெளித் திருவிழாவில் இன்னொரு தொல்லை வெயில். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து அசிங்கமான கந்தக வாடை அடிக்கும், கிளாஸில் சில நிமிஷமே போதும். பழுப்பு பாட்டில் வந்ததே இதற்காகத்தான். இதில் காய்ச்சியவரைத் திட்டாதீர்கள், நிழலுக்குப் போங்கள். சந்தேகம் வந்தால் ஊற்றித் தருபவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: "இது இப்படித்தான் இருக்க வேண்டுமா?" தெரிந்தவர் சந்தோஷமாக விளக்குவார். தெரியாதவர் மழுப்புவார், அதுவும் ஒரு பதில்தான்.

மனிதனின் தாடியில் இருந்து பீர், திமிங்கில விதையில் பீர் என்றெல்லாம் படித்தேன். புருடாதானே?

இரண்டும் நிஜம். அமெரிக்காவின் ஓரிகனில் ரோக் நிறுவனம், தன் தலைமை பீர் காய்ச்சுநர் ஜான் மேயரின் தாடியில் கிடைத்த ஈஸ்ட்டை வளர்த்து ஒரு பீர் வெளியிட்டது. ஐஸ்லாந்தில் ஸ்டெஜி என்ற நிறுவனம் 2015-ல், ஆட்டுச் சாணப் புகையில் பதப்படுத்திய திமிங்கில விதைப்பையைப் போட்டே காய்ச்சியது. டென்வரில் வின்கூப் நிறுவனம் 2012-ல் ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காகக் காளை விதை ஸ்டவுட் என்று கேலி வீடியோ போட, ஜனங்கள் கேட்டார்கள் என்று நிஜமாகவே செய்தும் காட்டியது.

தாடியில் எடுத்தாலும் பழத்தோலில் எடுத்தாலும் ஈஸ்ட் ஈஸ்ட்தான், கழுவிப் பிரித்து வளர்த்த பிறகு அதில் தாடி எங்கே இருக்கிறது? மற்ற இரண்டும் விளம்பரம். ஒரு வாய் குடித்து ஒரு போட்டோ எடுக்கலாம், அதற்கு மேல் பீர் வாங்கும் டோக்கனை வீணாக்காதீர்கள். நிஜமான விசித்திரம் வேண்டுமென்றால் பழைய பீர்களிடம் போங்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரில் பீச் (பழம் தரும் பீச் இல்லை, beech) மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில் செய்யும் ராவ்க்பியர் இருக்கிறது. ஒரு காலத்தில் மால்ட்டை நெருப்பின் மேலேயே காயவைத்ததால் புகை வாசனை பல பீர்களில் சாதாரணமாகவே இருந்தது. மற்ற ஊர்கள் புகையில்லாத சூளைக்கு மாறிவிட்டன, இவர்கள் மாறவில்லை. முதல் வாயில் ஓடிவிடத் தோன்றும், மூன்றாவது நாலாவது வாயில் புகைக்குப் பின்னால் இருக்கும் மால்ட் தெரிய ஆரம்பிக்கும். ஓக் மரப் புகை ஏறிய கோதுமையில் செய்யும் போலந்தின் குரோஜிஸ்கியே 3 சதவீதம் அளவுக்கு லேசானது, 1993-ல் நின்றுபோனதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பின்லாந்தின் சாஹ்தியை ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகள் வழியாக வடிகட்டி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் நொதிக்கவைப்பார்கள். சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் அந்த நாட்டைத் தாண்டி வருவது அபூர்வம். எங்காவது கண்ணில் பட்டால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நில்லுங்கள்.

ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புகிறார்களே, பீரைத் துப்பலாமா?

துப்பலாம், யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். பீர்ப் போட்டி நடுவர்கள் வழக்கமாகக் கொஞ்சமாவது விழுங்குவார்கள், ஏனென்றால் விழுங்கிய பின் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனையும் பின்கசப்பும் அவர்கள் மதிப்பெண்ணில் உண்டு. கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் மட்டும்தான் தெரியும் என்பது பழைய கட்டுக்கதை. பிடிக்காததைக் கொட்டுவதற்கு வாளி வைத்திருப்பார்கள், கூச்சமில்லாமல் கொட்டுங்கள்.

நான் சுத்த சைவம். பீரில் என்ன பயம்?

பீரின் அடிப்படை பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர், அதில் வம்பில்லை. பீப்பாயிலிருந்து நேராக ஊற்றும் பிரிட்டிஷ் ஏல் வகை பீர்களைக் கொஞ்சம் விசாரியுங்கள். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் போடுவது அங்கே நெடுநாள் பழக்கம். கின்னஸ்கூட 2015-ல்தான் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. கிராஃப்ட் பீர்களில் சிப்பி, பன்றி இறைச்சி என்று என்னவெல்லாமோ போடுகிறார்கள், பெயரைப் படித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஸ்டவுட்டிலும், மில்க்ஷேக் ஐபிஏ என்று வருபவற்றிலும் ஜாக்கிரதை, அதில் போடும் லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையை, பீர் ஈஸ்ட் தின்னாது, அப்படியே இருக்கும். வேர்க்கடலை ஸ்டவுட் என்றெல்லாம் வருகிறது, ஒவ்வாமை இருப்பவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஐபிஏவில் மாம்பழ வாசனை வந்தது. எசன்ஸ் ஊற்றுகிறார்களா?

ஊற்றுபவர்களும் உண்டு, ஆனால் சிட்ரா, மொசைக் மாதிரி ஹாப்ஸ் ரகங்களின் எண்ணெயிலேயே அந்த வாசனை இருக்கிறது. கொதித்து முடிந்த பிறகு நிறைய ஹாப்ஸைச் சேர்ப்பதால் கசப்பு அதிகம் இறங்காமல் மணம் மட்டும் தங்கும். கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசனை வேறு கதை, அது ஈஸ்ட் செய்யும் வித்தை.

நான் குடிப்பதில்லை. நண்பர்களுக்காக வண்டி ஓட்டத்தான் போகிறேன். அங்கே எனக்கு என்ன இருக்கிறது?

மூக்கு இருக்கிறதே! பீரில் முக்கால்வாசி விஷயம் வாசனையில்தான். நண்பர்களின் கிளாஸை வாங்கி ஆட்டிவிட்டு, குட்டிக் குட்டியாக நாலைந்து தடவை முகர்ந்து பாருங்கள், குடித்துக்கொண்டே போகிற அவர்களைவிட மூன்று மணி நேரத்துக்குப் பிறகு உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஓட்டுபவர்களுக்கென்று தனியாக மலிவு டிக்கெட் தரும் திருவிழாக்களும் உண்டு, விசாரியுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் என்று எழுதியிருந்தாலும் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், அதுவும் வேண்டாம் என்றால் 0.0 என்று லேபிளில் போட்டதைப் பாருங்கள்.

பிடித்த பாட்டிலை வாங்கி வந்து பத்திரப்படுத்தலாமா?

ஐபிஏ என்றால் கூடாது. ஹாப்ஸ் வாசனை சில மாதங்களில் மங்கிவிடும், தேதி பார்த்துப் புதுசாக வாங்கிச் சீக்கிரம் குடித்துவிடுங்கள். கூஸ், இம்பீரியல் ஸ்டவுட் இரண்டும் வருஷக்கணக்கில் தாங்கும். வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்தில் நிற்கவைத்து வையுங்கள். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஒன்றை இப்போதே திறந்து குடித்தால்தான் இரண்டு வருஷம் கழித்து மற்றது எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும்.