செம்பனைத் தோட்டத்தைக் கணினியில் உருவாக்குவது

வணக்கம் அக்கா,

மலேசியாவில் குளுவாங்கில் ஓர் அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா பேனர் எல்லாம் வடிவமைப்பேன். பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். அந்த இடத்தை முழு நிலக்காட்சியாகக் கணினியில் உருவாக்க ஆசைப்பட்டு, நிலக்காட்சி செய்யும் டெர்ராஜென் மென்பொருளை இறக்கினேன். காணொளிகளைப் பார்த்துச் செய்தால் பனிமலையும் ஏரியும் அழகாக வருகின்றன. தோட்டத்தைச் செய்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது. மடிக்கணினியும் பழையது, ஒரு படம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக வரைந்து முடிக்க, ராத்திரி முழுக்க ஆகிறது. கொஞ்ச நாள் பனிமலைகளையே செய்து பழகிவிட்டு அப்புறம் தோட்டத்துக்கு வரட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம். தோட்டத்திலேயே பழகுங்கள்.

பனிமலை சுலபமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. கென் பெர்லின் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய, இயற்கை போன்ற மேடுபள்ளங்களைத் தரும் ‘நாய்ஸ்’ கணக்கும் அதன் வழிவந்தவையும்தான் இந்த மாதிரி மென்பொருள்களுக்கு அடிப்படை. ஒழுங்கில்லாத ஒழுங்கு அவற்றுக்கு நன்றாக வரும். மலை, மேகம், பாறை எல்லாம் அந்த வகை. தோட்டம் அப்படியில்லை. யாரோ கயிறு பிடித்து அளந்து, நெரை நெரையாக (வரிசையாக) நட்டு, அல்லூர் (வடிகால்) வெட்டி, சடக்கு (சாலை) போட்ட நிலம் அது. மென்பொருளுக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பனிமலை செய்து எத்தனை மாதம் பழகினாலும் அந்தப் பாடம் வராது.

உங்கள் படம் பொம்மையாகத் தெரிவதற்கு முதல் சந்தேகம் எனக்கு வெயில் மேல்தான். பெரும்பாலான காணொளிகள் குளிர்நாட்டுச் சாய்ந்த வெயிலில் செய்யப்படுகின்றன. குளுவாங் நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைதான் வடக்கே. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் 64 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. அந்த உச்சி வெயிலில் நிழல் எல்லாம் மரத்தடியிலேயே ஒடுங்கிவிடும், நிலம் தட்டையாகத் தெரியும். நீங்கள் காலை எட்டு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைக் கிழக்கே வைத்து உயரத்தைச் சுமார் 13 பாகையாக்குங்கள். அப்புறம் காற்றுமண்டலப் பகுதியில் ‘ஹேஸ்’ (மூட்டம்) அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நம் ஊர்க் காலைக் காற்றில் ஈரம் அதிகம், பத்து நெரை தள்ளி நிற்கும் மரமே வெளிறித்தான் தெரியும். மரம் ஒன்றுகூட வைக்காமல் வெறும் நிலத்தில் இந்த வெளிச்சத்தை முதலில் சரிசெய்யுங்கள். இதற்கு எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

தூரத்தில் லம்பாக் மலை வேண்டும், இல்லையா? 510 மீட்டர் உயரம். அதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைக்கு அது போதும், தோட்டத்துத் தரைக்குப் போதாது. அல்லூர் அதில் தெரியவே தெரியாது. அடர்ந்த மரங்கள் இருக்குமிடத்தில் அந்த ரேடார் மண் வரைக்கும் போகாமல் பெரும்பாலும் இலைக்கூரை உயரத்தையே அளந்திருக்கிறது. அதனால் தரையை நீங்களே செய்யுங்கள்.

இனி மரம். இங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். பாமாயில் தரும் செம்பனையைப் பொதுவாக 9 மீட்டர் முக்கோணத்தில் நடுவார்கள், ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் மரங்களைக் காடு மாதிரி இறைத்துவிடும். மர இடைவெளிக்கு ஓர் எண், அது எவ்வளவு மாறலாம் என்பதற்கு இன்னோர் எண் இருக்கும். மாறும் அளவை மிகக் குறைத்துவிடுங்கள், ஆனால் பூஜ்யமாக்க வேண்டாம். ஒரே பிளாக்கில் எல்லா மரமும் ஒரே வயது என்பதால் உயரமும் அதிகம் வேறுபடக் கூடாது. ஆனால் ஒவ்வொரு மரமும் வேறு திசை பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகல் எடுத்தது உடனே தெரிந்துவிடும். வெட்டிய மட்டைகளை ஒரு நெரை விட்டு ஒரு நெரையில் குவித்திருப்பார்கள், குலை இறக்கிக் கொண்டுபோகும் பாதை மற்றதில் ஓடும். பழைய மரமென்றால் தண்டில் மட்டை அடிகளுக்கிடையே பெரணி முளைத்திருக்கும். இதையெல்லாம் எந்தக் காணொளியும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துச் சடக்கில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலத்தில் அங்கே பால்மரமா (ரப்பரா) செம்பனையா என்றும் கேட்டுவிடுங்கள். பால்மரம் என்றால் மரத்தின் இடைவெளியும் நிழலும் வேறு.

லயத்தை டெர்ராஜெனுக்குள் கட்ட முயல வேண்டாம். பலகைச் சுவர், தகரக்கூரை எல்லாவற்றையும் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் செய்து, ஓபிஜே என்ற வடிவக் கோப்பாக டெர்ராஜெனுக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய மடிக்கணினி ஒரு தடையே இல்லை. 400 பிக்சல் அகலத்தில், தரத்தைக் குறைத்து ரெண்டர் செய்தாலே வெளிச்சம் சரியா தவறா என்று தெரிந்துவிடும். சந்தேகமான மூலையை மட்டும் கட்டம் போட்டுத் தனியாகப் பார்க்கலாம். முழுப் படத்தைக் கடைசியில் ஒருமுறை ஓடவிடுங்கள்.

அச்சுக்கடையில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெர்ராஜெனின் இலவசப் பதிப்பில் செய்த படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பாட்டிக்கு அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம். வாடிக்கையாளருக்கு விற்பதாக இருந்தால் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும், அல்லது முழுவதையும் பிளெண்டரிலேயே செய்ய வேண்டும். அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

மரம் வைக்காத அந்தக் காலை வெளிச்சப் படம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.