நடுக்கத்தைக் கெடுப்பது

ஐயா, வணக்கம்.

நீங்கள் தேவாரம் பற்றி எழுதுவதை வாசித்து வருகிறேன். எங்கள் ஊர் விசுவமடுப் பக்கம். பெயரைப் போடவேண்டாம்.

2009இல் எனக்குப் பதின்மூன்று வயது. இறுதி யுத்தத்தில் மாத்தளனில் பங்கருக்குள் இருக்கும்போது அம்மா என்னையும் தம்பியையும் மடியில் போட்டுக்கொண்டு 'நமசிவாய, நமசிவாய' என்று சொல்லிக்கொண்டே இருப்பா. ஷெல் கூவினால் சத்தம் கூடும், ஓய்ந்தால் குறையும், ஆனால் நிற்காது. அதைக் கேட்டபடியே நாங்கள் நித்திரையாகிவிடுவோம். ஒருநாள் தண்ணி எடுக்கப் போன அம்மா திரும்பி வரவில்லை.

இப்போது என் மகன் சமய பாடத்தில் அப்பரின் கல் மிதந்த கதை படிக்கிறான். "அப்ப அம்மம்மா சொன்னதுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கோயிலுக்கு வந்த பிரசங்கி ஒருவரிடம் கேட்டேன். அது அவரவர் வினை என்றார்.

எனக்கும் இப்போது வாயில் அதேதான் வருகிறது. கச்சான் போட எடுத்த கடனுக்குக் கிழமைக் காசு கட்டவேண்டும். வசூலிக்க வருகிறவர்களின் மோட்டர்சைக்கிள் படலையில் நின்றால் 'நமசிவாய' என்கிறேன். வட்சப்பில் 48 நாள் 108 தரம் சொன்னால் கடன் தீரும் என்று வருகிறது. விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றும் வருகிறது. தீட்சை இல்லாத பெண்கள் சொல்லவே கூடாது என்று இன்னொருவர். இந்த மந்திரத்துக்கு எங்களைப் போன்றவர்களின் அன்றாட வாழ்க்கையில் என்ன பொருள், ஐயா?

— ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

அந்தப் பிரசங்கியை முதலில் அனுப்பிவிடுவோம். வினைக் கொள்கை சைவத்தில் உண்டு, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்ப்பதற்காக உள்ளது. தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு அல்ல. சம்பந்தர் கொங்குநாட்டில் இருந்தபோது கூடவந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம் 'அவ்வினைக்கு இவ்வினையாம் என்று சொல்லும் அஃதறிவீர்' என்றுதான் தொடங்குகிறது. அதற்கு இது பலன் என்று சொல்ல மட்டும் தெரிகிறதே, உய்யும் வழியைத் தேடாமலிருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று அடுத்த வரியில் கேட்கிறார். காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு வினைக்கணக்குப் பார்த்தவர்களுக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே விழுந்த அடி அது. பிரசங்கம் செய்கிறவர்கள் அந்தப் பதிகத்தை ஒருக்கால் மெதுவாக வாசிக்கலாம்.

இனி உங்கள் மகனின் கேள்வி. அதுதான் இந்தக் கடிதத்தில் பெரிய கேள்வி.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது கல் மிதந்தது என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். நம்புகிறவர்களோடும் நம்பாதவர்களோடும் எனக்கு வழக்கில்லை. என் கையில் இருப்பது அப்பரின் பாட்டு. 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே' என்ற முதற்பாட்டை எல்லாரும் பாடமாக்குகிறோம். அதோடு நின்றுவிடுகிறோம். அதே பதிகத்தின் நாலாவது பாட்டு இது:

இடுக்கண்பட் டிருக்கினும் இரந்து யாரையும்
விடுக்கிற் பிரானென்று வினவுவோ மல்லோம்
அடுக்கற்கீழ்க் கிடக்கினும் அருளின் நாமுற்ற
நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சிவாயவே

துன்பத்தில் கிடந்தாலும், எங்களை விடுவிக்க வல்ல ஐயா என்று எவரிடமும் போய் இரக்கமாட்டோம். மலைக்குக் கீழே அகப்பட்டுக் கிடந்தாலும், நமக்கு வந்த நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சிவாய.

மலை புரண்டுபோகும் என்று அப்பர் சொல்லவில்லை. மலை அங்கேயே கிடக்கிறது. போவது நடுக்கம். பல்லவ அரசு அவரை நீற்றறையில் பூட்டியது, நஞ்சூட்டியது, யானையை ஏவியது, பிறகுதான் கல்லும் கடலும். அதிகாரத்தின் கையில் அகப்பட்டவனை உயிர் போவதற்கு முன்பே நடுக்கம் தின்றுவிடும் என்று தெரிந்த மனிதர் எழுதிய வரி இது. வன்னியில் அந்த ஐந்து மாதம் இருந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

உங்கள் கடிதத்திலேயே மகனுக்கான பதில் இருக்கிறது. 'அதைக் கேட்டபடியே நாங்கள் நித்திரையாகிவிடுவோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்தளன் பங்கருக்குள் இரண்டு பிள்ளைகள் நித்திரை கொண்டார்கள்! ஷெல் கூவும்போது உங்கள் அம்மா சத்தத்தைக் கூட்டியது தன்னைக் காப்பாற்றச் சொல்லி அல்ல என்றே நான் நினைக்கிறேன். உங்கள் காதுக்கு அந்தக் கூவல் கேட்கக்கூடாது என்பதற்காக. ஒன்றும் நடக்கவில்லை என்று மகனிடம் சொல்லவேண்டாம். அம்மம்மா சொன்னது எனக்கும் மாமாவுக்கும் நடந்தது என்று சொல்லுங்கள். அம்மா ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்விக்கு மந்திரத்திடம் விடை கேட்கக்கூடாது. அந்தக் கேள்வி ஷெல் அடித்தவர்களிடம் கேட்கவேண்டியது, இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருப்பது. அதே மந்திரத்தைச் சொல்லியும் நடுங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பக்தி போதாது என்று எவராவது சொன்னால் அவரையும் பிரசங்கியோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். சைவ சித்தாந்தம் இந்த ஐந்து எழுத்துக்கும் பொருள் வகுத்திருக்கிறது. சி சிவம், வா அருள், ய உயிர், ந சிவத்தை உயிருக்கு மறைக்கிற ஆற்றல், ம உயிரைப் பற்றிய அழுக்கான மலம். 'சிவாயநம' என்று சொல்லும்போது உயிர் நடுவில் வந்து நிற்கும். ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். 'ஊன நடனம் ஒருபால் ஒருபாலா ஞான நடந்தான் நடுவே நாடு' என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதை இரண்டு அடியில் முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஆட்டம் நடக்கிறது, நடுவில் நிற்கும் நீ எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று நாடிப் பார் என்பதாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். இதை ஏதோ மடத்தில் இருப்பவர்களுக்கான தத்துவம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது படலைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலையாகத்தான் தெரிகிறது.

மோட்டர்சைக்கிள் வந்து நிற்கிறது. அந்த நேரம் மனம் எங்கெங்கே ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாளே என்ற வெட்கம். மழை பிந்திக் கச்சானைக் கெடுத்த கோபம். அம்மா இல்லை என்று சொல்லடா என்று மகனை வெளியே அனுப்பத் தோன்றும். இந்தக் கிழமையைச் சமாளிக்க இன்னொரு இடத்தில் கடன் எடுத்தால் என்ன என்றும் தோன்றும். ய என்ற அந்த உயிர் முழுக்க ந‑ம பக்கம் சாய்ந்து கிடக்கும் நேரம் அது. 'நமசிவாய' சொல்ல ஒரு மூச்சுத்தான் பிடிக்கும். அந்த ஒரு மூச்சுக்குள் மற்றப் பக்கம் திரும்பமுடியும். திரும்பினால் செய்யக்கூடியது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. வெளியே போய் இந்தக் கிழமை இவ்வளவுதான் இருக்கிறது என்று நேரே சொல்லி, கொடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு வாங்குவது. மகனைப் பொய் சொல்ல விடாதது. கடனுக்கு மேல் கடன் எடுக்காதது. இவ்வளவும் செய்தபின்னும் கடன் அங்கேதான் இருக்கும். ஆனால் நடுங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கிற பெண்ணுக்கும் நடுங்காமல் கணக்குக் கேட்கிற பெண்ணுக்கும் ஒரே கடன் ஒரே மாதிரி முடிவதில்லை. இதை வன்னியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தரின் பஞ்சாக்கரப் பதிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி 'தும்மல் இருமல் தொடர்ந்த போழ்தினும்' என்பது. வானவர் சிந்தை, நான்மறை, செந்தழல் என்றெல்லாம் பாடிக்கொண்டு வந்தவர் தும்மலுக்கும் இருமலுக்கும் இறங்கி வருகிறார். எங்கள் கிழவிகள் தும்மினால் 'சிவசிவா' என்பது அந்த வரியைப் படித்து அல்ல. அதே பதிகத்தின் முதற்பாட்டு, தூங்கும்போதும் தூங்காதபோதும் நாள்தோறும் நினையுங்கள் என்கிறது. நேரம் பார்த்து, ஆசனம் போட்டு என்ற நிபந்தனை அந்தப் பாட்டில் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறது: 'வஞ்சகம் அற்று'. அது 108ஐவிடக் கடினமானது.

வட்சப் ஆட்களுக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். இறைவனிடம் காசு கேட்பது கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். சம்பந்தர் கேட்டார். வீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, தனக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறைந்தது என்று 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். தகப்பன் வேள்விக்குப் பொன் கேட்டபோது ஆவடுதுறையில் 'இதுவோ எமை ஆளுமாறு' என்று சண்டையே பிடித்தார். அவருடைய நமச்சிவாயப் பதிகத்திலும் 'சிந்தும் வல்வினை செல்வமும் மல்குமால்' என்று இருக்கிறது. யாரும் உங்களிடம் எடுத்துக்காட்டலாம். ஆனால் அந்த ஆவடுதுறைப் பதிகம் எப்படித் தொடங்குகிறது பாருங்கள்: 'இடரினும் தளரினும் எனதுறுநோய் தொடரினும் உனகழல் தொழுதெழுவேன்.' நீ தந்தாலும் தராவிட்டாலும் தொழுவேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார். 48 நாள், 108 தரம், பிறகு கடன் கழியும் என்பது அந்த உறவில்லை. அதுவும் ஒரு தவணைக் கணக்கு. ஒரு தவணைக் கணக்கே உங்களுக்குப் போதும். விஞ்ஞானிகள் நிரூபித்த கதையை விடுங்கள், அப்பருக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

வேலைக்கு நடுவே இதெல்லாம் முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி கொழும்புத்துறைக் குடிலுக்கு வருவதற்கு முன் எங்கள் கிளிநொச்சியில்தான் இருந்தார். இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளர். மண்வெட்டி, கயிறு, சீமெந்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற உத்தியோகம். அவரைத் தேடிப் போகிறவர்கள் கொழும்புத்துறைக்கும் நல்லூருக்கும்தான் போவார்கள். நான் இரணைமடு அணைக்கட்டில் போகும்போது அவரை நினைப்பேன். 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்ற அவருடைய வாசகம் 2009க்குப் பிறகு என் வாயில் இலகுவாக வருவதில்லை, உங்களுக்கும் அதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் காட்டுக்கு நடுவே கணக்குப் புத்தகத்தோடு இருந்த அந்த மனிதர் எனக்கு இன்னும் துணையாக இருக்கிறார்.

கடைசியாக, தீட்சை. விதி இருக்கிறது. பஞ்சாட்சர செபத்துக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் சிவதீட்சை பெற்றவர் என்றுதான் எழுதியிருக்கிறார். கூடவே மதுவும் மாமிசமும் இல்லாதவர், ஆசாரம் உடையவர் என்றும் எழுதியிருக்கிறார். உங்களைத் தடுத்தவர் அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தீட்சையை மட்டும் பிடித்துக்கொண்டது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அது முறையான நித்திய செபத்துக்கான விதி. பயத்தில், பசியில், பிள்ளையை அணைத்துக்கொண்டு வாயில் வருவதற்கு அல்ல. 'கொல்வா ரேனும் குணம்பல நன்மைகள் இல்லா ரேனும் இயம்புவ ராயிடின்' என்று சம்பந்தரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கொலைகாரனுக்குத் திறந்த கதவு உங்களுக்கு மூடியிருக்குமா? பெண் என்பதும் தடையில்லை. அறுபத்துமூவரில் மூவர் பெண்கள். முறையாகச் செபிக்க விருப்பமென்றால் உங்கள் கோயில் குருக்களிடம் சமயதீட்சை கேளுங்கள், பெண்களுக்கும் கொடுப்பார்கள்.

எத்தனை தரம் என்று மகன் கேட்டால், நாவலர் நூற்றெட்டில் தொடங்கி, ஐம்பது, இருபத்தைந்து என்று இறங்கிப் பத்தில் நிறுத்தியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பத்துப் போதும். விரலிலேயே எண்ணலாம்.