பசி ஊசி வேண்டாம், பூனையின் வாயைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மீனுவுக்கு 13 வயது. கருத்தடை செய்த பெண் பூனை, கொஞ்சம் குண்டு. ஒரு மாதமாகத் தட்டு வைத்ததும் ஓடி வருகிறாள், மோந்து பார்க்கிறாள், பாக்கெட் உணவில் கிரேவியை மட்டும் நக்கிவிட்டுப் போய்விடுகிறாள். உலர் தீனியைத் தொடுவதே இல்லை. பெட் ஷாப்காரர், "வயசாயிடுச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று லிவர் டானிக்கும் பசி பேஸ்ட்டும் கொடுத்தார். அவர் அனுப்பிய ஆள் வீட்டுக்கே வந்து ஓர் ஊசி போட்டார். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள். நேற்றிலிருந்து மறுபடி ஏறக்குறைய பட்டினி. இன்னொரு ஊசி போடலாமா, வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, இன்னொரு ஊசி வேண்டாம். வயதின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடவும் வேண்டாம். இன்று மாலைக்குள், முடியாவிட்டால் நாளை காலை, மீனுவை ஒரு கால்நடை மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நாய் சில நாள் பட்டினி கிடந்தாலும் சமாளித்துவிடும்; பூனையால் முடியாது. சாப்பாடு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். பூனையின் கல்லீரல் அவ்வளவையும் கையாளத் திணறும். கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். காதின் உட்புறமோ ஈறோ மஞ்சள் தட்டியிருந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

வயதான பூனை அதிகம் தூங்கும், தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், மோப்பம் கொஞ்சம் மங்கலாம். அதெல்லாம் வயது. ஆனால் தட்டைப் பார்த்து ஓடி வந்துவிட்டுத் திரும்பிப் போவது வயது இல்லை. உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். பசியே இல்லாத பூனை எழுந்து வராது. மீனுவுக்குப் பசிக்கிறது, சாப்பிடத்தான் முடியவில்லை. ஒன்று வாய் வலிக்க வேண்டும், அல்லது வாசனை பட்டதும் குமட்ட வேண்டும். உலர் தீனியை விட்டுவிட்டுக் கிரேவியை மட்டும் நக்குகிறாள் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் பல் மேல்தான்.

நல்ல வெளிச்சத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து, மீனு நிதானமாக இருக்கும்போது உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். வாயைத் திறக்க முயல வேண்டாம், உதட்டைத் தூக்கினாலே போதும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா? கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இடைவெளி விட்டு வரும் முதல் பல்லைக் குறிப்பாகப் பாருங்கள். அதன் அடியில் ஈறு ஏறி வந்து பல்லின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளியாகப் படர்ந்திருந்தால், அந்தப் பல் உள்ளேயிருந்து அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வயதான பூனைகளிடம் இது மிகவும் சகஜம். அந்த இடத்தில் ஏதாவது பட்டால் தாடை தானாகவே வெடவெடவென்று ஆடும், அவ்வளவு வலி. மனிதர்களுக்குச் செய்வதுபோல அடைத்துச் சரிசெய்ய முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கிய சில நாட்களில், கெட்டித் தீனியைக்கூடப் பழையபடி சாப்பிடத் தொடங்கும் பூனைகள் ஏராளம். "13 வயசு, மயக்க மருந்து தாங்காது" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாங்குமா என்பதை ரத்தப் பரிசோதனையும் இதயத்தைக் கேட்டுப் பார்ப்பதும்தான் சொல்ல வேண்டும்.

வாய் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் சிறுநீரகம். உணவருகே வந்ததும் உதட்டை நக்கிக்கொள்கிறாளா, எச்சிலை விழுங்குகிறாளா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? அது குமட்டல். தண்ணீர்க் கிண்ணம் முன்பைவிட வேகமாகக் காலியாகிறதா, மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். வயதான பூனைகளைப் பிடிக்கும் நோய்களில் சிறுநீரக நோய்க்கு முன்வரிசை இடம். ஏறக்குறைய முக்கால் பங்கு வேலைத்திறன் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும். அதனால் சிறுநீரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்த, விவரம் நிறைந்த பரிசோதனை அதுதான். அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

(நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிற வயதான பூனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைய வேண்டாம். தைராய்டு, சர்க்கரை இரண்டும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.)

இனி அந்த ஊசி. போட்டதும் இரண்டு நாள் பசி பொங்கி, பிறகு அப்படியே அடங்கியது என்றால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். "சத்து ஊசி", "பசி ஊசி" என்று இவர்கள் சொல்வதில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. குடல் அழற்சிக்கும் சில வகைப் புற்றுநோய்களுக்கும் நானே தருகிறேன், நோய் இன்னது என்று தெரிந்த பிறகு. நோய் தெரியாமல் போட்டால் அது பசியைத் தூண்டிவிட்டு நோயை மறைக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்குக் குணமானதுபோலத் தெரியும். ஊசி போட்டவருக்குக் காசும் நல்ல பெயரும் கிடைக்கும். பூனைக்கு ஒரு வாரம் வீணாகும். மறைந்திருக்கும் இதய நோயையும் சர்க்கரை நோயையும் அது வெளியே இழுத்துவிடக்கூடும்.

இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது. உடம்பில் ஸ்டீராய்டு இருக்கும்போது, விவரம் தெரியாத இன்னொரு மருத்துவர் பல் வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலிமருந்து கொடுத்துவிட்டால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம், சிறுநீரகமும் அடிபடலாம். ஆகவே மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இன்ன தேதியில் பெயர் தெரியாத ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள்" என்பதுதான். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த ஆளுக்குப் போன் செய்து மருந்தின் பெயரைக் கேளுங்கள், முடிந்தால் குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டால் இன்னொரு குழப்பமும் வரும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பூனையைக் கூடையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, குரைக்கிற நாய்கள் நடுவே உட்கார வைத்தால் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை எகிறும். 200, 250, சில சமயம் 300-ஐயும் தாண்டும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, "சுகர் இருக்கு, இன்றே இன்சுலின் ஆரம்பிக்கணும்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சர்க்கரை நோய் இல்லாத பூனைக்கு, அதுவும் சாப்பிடாத பூனைக்கு, இன்சுலின் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி வலிப்பு வந்து செத்துப்போகலாம். வீட்டில் பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கற்களை, மணலை எடுத்துவிட்டுக் கழுவிய மணல் தட்டில் போட்டு வைத்தால் அவை சிறுநீரை உறிஞ்சாது. சிறுநீரை சிரிஞ்சால் எடுத்துவிடலாம். ஃப்ரக்டோசமின் என்றொரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. கடந்த ஒன்றிரண்டு வாரச் சர்க்கரையின் சராசரி நிலையை அது காட்டும். ஆட்டோவில் வந்த அரைமணி நேரப் பயம் அதில் ஏறாது. ஏற்கெனவே தண்ணீர் குடம்குடமாகக் குடித்து, நன்றாகத் தின்று, எலும்பாக இளைத்த பூனை என்றால் கதை வேறு. மீனு அப்படி இல்லை.

பரிசோதனை எங்கே நடக்கிறது என்பதையும் கேளுங்கள். பல ஊர்களில் பூனையின் ரத்தம் மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகிறது. ரிப்போர்ட்டில் ஓரத்தில் அச்சாகும் "நார்மல்" அளவு மனிதனுடையது. கிரியாட்டினின் 1.4 என்றால் மனித அளவுப்படி தடித்த எழுத்தில் வந்து உங்களைக் கதிகலங்க வைக்கும். பூனைகளுக்கான சர்வதேசச் சிறுநீரக வகைப்பாட்டில் இரண்டாம் நிலையே 1.6-இல்தான் தொடங்குகிறது. இந்தத் தடித்த எழுத்தைக் காட்டியே விலை உயர்ந்த கிட்னி உணவு மூட்டையை விற்கும் கடைகள் உண்டு. உண்மையிலேயே சிறுநீரக நோய் இருந்தால் அந்த உணவு நல்லதுதான். ஆனால் பட்டினி கிடக்கிற பூனையிடம் இன்றே அதை நீட்டினால், குமட்டலோடு அந்த வாசனையையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு காலத்துக்கும் தொடாது. இப்போதைக்கு அது எதைத் தின்னுமோ அதுதான் நல்ல உணவு.

சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதே உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே அமைந்தவை. பூனைக்கு ரத்தம் பார்க்கும் கருவியைப் பெரும்பாலான இடங்களில் எதிர்பார்க்க முடியாது. பல் எக்ஸ்ரே தனியாரிடமே அபூர்வம். வீடுவீடாகப் பூனை வளர்க்கும் காலம் வந்த பிறகும் பூனையைக் குட்டி நாயாக நினைத்தே வைத்தியம் பார்க்கிறோம், அந்த இடைவெளியில்தான் ஊசிக்காரர்கள் பிழைக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். திருச்சியிலேயே பூனைக்கு மயக்கம் கொடுத்துப் பல் எடுக்கிறவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான்.

கிளம்பும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உப்பில்லாமல் வேகவைத்த கோழியையோ நெத்திலியையோ முள் எடுத்து, மசித்து, வெந்நீர் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு ஸ்பூன் வையுங்கள். சூட்டில் வாசனை எழும். பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. இருபது நிமிடத்தில் தொடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள், நாள் முழுக்க முகத்தருகே வைத்திருக்காதீர்கள். வெங்காயம், பூண்டு போட்ட வீட்டுக் குழம்பு ஒரு சொட்டும் வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிரிஞ்சில் கஞ்சியைப் பிடித்துத் தொண்டையில் விடாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். லிவர் டானிக்கையும் பேஸ்ட்டையும் நிறுத்திவிட்டு, அட்டைகளை மட்டும் மருத்துவரிடம் காட்ட எடுத்துக்கொள்ளுங்கள்.

பசியைத் தூண்டும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. மிர்ட்டாசபின் அதில் ஒன்று, குமட்டலையும் அடக்கும். ஆனால் அது மனிதர்களின் மனச்சோர்வு மாத்திரை. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இடைவெளி கூட்டிக் கொடுக்க வேண்டும். அளவு தப்பினால் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு அலையும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நீங்களே நாலாக உடைத்துக் கொடுக்கும் விஷயம் இல்லை. காரணம் தெரிந்த பிறகு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள்.

கிளம்பும் முன் மீனுவைக் கையில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு அவளை இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசத்தைத் தேதியோடு எழுதிவையுங்கள். பழைய தடுப்பூசி அட்டையில் எடை குறித்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். நாலு கிலோ பூனையில் 400 கிராம் குறைந்திருந்தால் அது பத்து சதவீதம். பார்வைக்குத் தெரியாது, மருத்துவருக்கு அந்த ஓர் எண் நிறையச் சொல்லும்.