சிரிப்பை மறந்த வயலின் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நலம்தானே? நான் சின்ன வயதிலிருந்தே கச்சேரி கேட்டு வளர்ந்தவன். மேற்கத்திய இசை ஓரளவுதான் பழக்கம். மகள் வெஸ்டர்ன் வயலின் கற்றுக்கொள்கிறாள், எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள். அவள் போட்டுக் காட்டித்தான் இசையமைப்பாளர் எசா-பெக்கா சலோனென் எழுதிய ‘லாகென் ஃபெர்லெர்ன்ட்’ (சிரிப்பு மறந்துபோயிற்று) என்ற தனி வயலின் படைப்பைக் கேட்டேன். பத்து நிமிடம். பியானோ இல்லை, ஆர்கெஸ்ட்ரா இல்லை. ஒரு கவிதையிலிருந்து பிறந்தது என்று போட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கவிதை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. நம் வித்வான்கள் வயலினில் ‘நகுமோமு’ வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறதே! ‘கவிதையால் தூண்டப்பட்டது’ என்பது டிக்கெட் விற்பதற்காகச் சொல்கிற வார்த்தைதானா? கவிதையைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? மகள் இதை வாசிக்க ஆசைப்படுகிறாள். விடலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

பல நேரங்களில் அது விளம்பரம்தான். இசை எழுதி முடித்தபின் பெயர் தேடுகிறவர்கள் உண்டு. கவிதையில் ஒரு நல்ல வரி கிடைத்தால் நிகழ்ச்சி அட்டையில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தக் கவிதை இல்லாமல் போயிருந்தால் வயலின்காரரின் கை வேறு மாதிரி வேலை செய்திருக்குமா? செய்திருக்கும் என்றால் கவிதை உள்ளே இருக்கிறது. சலோனென் படைப்பில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் ‘நகுமோமு’. அதில் சொற்கள் காதில் விழுவதற்குப் பாதிக் காரணம் வயலின், மீதிப் பாதி நீங்கள். லால்குடி ஜெயராமன் போன்ற ஒருவர் வாசிக்கும்போது வில் சாகித்யத்தின் அட்சரத்தை ஒட்டி மாறுகிறது. எங்கே சொல் பிரிகிறதோ அங்கே வில் திரும்பும், எங்கே உயிர் நீள்கிறதோ அங்கே வில் நீளும். ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருமுறைகூடக் கேட்காத ஹெல்சிங்கி ரசிகருக்கு அதே வாசிப்பில் ஆபேரியின் அழகு கிடைக்கும், தியாகராஜரின் ஒரு சொல்லும் கிடைக்காது. தியாகராஜர் ராமனின் சிரித்த முகத்தைக் காண ஏங்குகிறார் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? சலோனெனைக் கேட்கும்போது நீங்கள் அந்த ஹெல்சிங்கி ரசிகரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மேற்கிலும் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். ஹைன்ரிக் வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் என்று ஒரு வயலின்காரர். மொராவியாவில் பிறந்தவர், இத்தாலிய வயலின் மேதை பகனீனியின் வித்தைகளைப் பார்த்துப் பித்தாகி அவரைப் போலவே வாசிக்கப் பழகியவர். 1854ல் அவருடைய ஒரு தனி வயலின் கேப்ரிஸ் (வித்தை காட்டும் சிறு படைப்பு) அச்சாயிற்று. ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய ‘எர்ல்கோனிக்’ (பேயரசன்) கவிதைக்கு இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815ல் போட்ட பாட்டை அப்படியே எடுத்து, பாடகரையும் பியானோவையும் வெளியே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வயலினின் தலையில் கட்டிய வேலை அது. கதை தெரிந்திருக்கும். ராத்திரி, காற்று. அப்பா நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறார். பேய்களின் அரசன் பையனை வா வா என்று கூப்பிடுகிறான். பையன் அலறுகிறான், அது மூடுபனிதான், காய்ந்த இலையின் சலசலப்புதான் என்று அப்பா சமாதானம் சொல்கிறார். வீடு வந்து பார்த்தால் பையன் உயிரோடு இல்லை.

கவிதையில் நான்கு குரல்கள்: கதை சொல்பவர், அப்பா, பையன், பேயரசன். ஷூபர்ட் இவர்களை உயரத்தாலும் சுபாவத்தாலும் பிரித்தார். அப்பா தாழ்ந்த சுரத்தில் பேசுவார், பையன் உச்சத்தில் கத்துவான், பேயரசன் தேன் ஒழுகப் பாடுவான். குதிரையின் ஓட்டம் பியானோவின் வலது கையில். எர்ன்ஸ்ட்டிடம் இருப்பதோ நான்கு தந்தி, ஒரு வில். குதிரையும் ஓட வேண்டும், மேலே பேச்சும் கேட்க வேண்டும். இதில் பேயரசனுக்கு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். அவன் பேச்சை ஹார்மோனிக்ஸில் எழுதினார். அதாவது ஆள்காட்டி விரல் தந்தியை அழுத்திப் பிடிக்கும், சுண்டுவிரல் அதற்கு மேலே அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். விரல் இருக்கும் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு ஸ்தாயி மேலே, உடம்பே இல்லாத ஒரு சத்தம் வரும். சுண்டுவிரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் போச்சு, கீறல்தான் மிஞ்சும்.

ஏன் அப்படி எழுதினார்? வித்தை காட்ட என்று சொல்லிவிடலாம், அந்த ஆள் வித்தைக்காரர்தான். ஆனால் கவிதையைத் திருப்பிப் பாருங்கள். பேயரசன் பேசுவது பையனுக்கு மட்டும்தான் கேட்கிறது. அப்பாவுக்குக் கடைசிவரை கேட்பதே இல்லை. தந்தியை முழுதாகத் தொடாமல் எழுகிற அந்தச் சத்தம் அந்தக் குரலுக்கு எவ்வளவு பொருத்தம்! கதே இல்லாவிட்டால் அந்தச் சுண்டுவிரலுக்கு அங்கே வேலை இல்லை. கவிதை கைக்குள் போவது என்று நான் சொன்னது இதைத்தான். அப்புறம், எர்ன்ஸ்ட்டின் காலத்து ரசிகர்களுக்கு ஷூபர்ட்டின் பாட்டு நன்றாகப் பழகியது. உங்களுக்கு ‘நகுமோமு’ போல.

ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் வானம்பாடியை (‘தி லார்க் அசெண்டிங்’) இங்கே இழுக்காமல் விட முடியாது, நீங்கள் கேட்காவிட்டாலும் வேறு யாராவது கேட்பார்கள். ஜார்ஜ் மெரிடித்தின் 122 வரிக் கவிதையிலிருந்து பன்னிரண்டு வரிகளை எடுத்து நோட்டின் முகப்பில் போட்டார். எழுதியது 1914ல், மேடையேறியது 1920ல், முதலில் வயலினும் பியானோவுமாக. ஆர்கெஸ்ட்ராவோடு கேட்டது 1921ல். அங்கே கவிதை ஒரு குறிப்புதான்: பறவை மேலே போகிறது என்று தெரிந்தால் போதும், மெரிடித்தைப் படிக்காமலே முழுவதையும் ரசிக்கலாம். நல்ல இசை. உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சலோனெனுக்கு வருவோம். பின்லாந்துக்காரர், 1958ல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை 1992 முதல் 2009 வரை நடத்தியவர். இதை 2002ல் எழுதினார், கலிபோர்னியாவில் லா ஹோயா என்ற கடற்கரை ஊரின் இசை விழாவில் வயலின் கலைஞர் சோ-லியாங் லின் வாசிப்பதற்காக. பாக் 1720ல் எழுதியதையே தினமும் வாசித்துக்கொண்டிருக்கும் வயலின்காரர்களுக்கு 2002 என்பது நேற்று மாதிரி. தலைப்பு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘பியெரோ லூனேர்’ படைப்பின் ஒன்பதாவது பாட்டிலிருந்து வருகிறது. பெல்ஜியத்தின் அல்பேர் ஷிரோ பிரெஞ்சில் எழுதிய கவிதைகளை ஹார்ட்லேபன் ஜெர்மனில் ஆக்கினார், அவற்றில் 21 கவிதைகளுக்கு ஷோன்பெர்க் 1912ல் இசை போட்டார். பாடவும் இல்லாமல் பேசவும் இல்லாமல் நடுவில் ஒரு குரல். பெர்லினில் முதல் நிகழ்ச்சியில் ஒரு நடிகை வேஷம் கட்டிக்கொண்டு மேடையில் தனியாக நின்றார், வாத்தியக்காரர்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால். ஒன்பதாவது பாட்டு பியெரோ என்ற வெள்ளை முகக் கோமாளியிடம் செய்யும் பிரார்த்தனை. சின்னதுதான், முழுதாகவே தருகிறேன், தமிழ் என்னுடையது:

பியெரோ! என் சிரிப்பு
எனக்கு மறந்துபோயிற்று!
பளபளத்த அந்தச் சித்திரம்
கரைந்தது, கரைந்தது!
என் பாய்மரத்தில் இப்போது
பறப்பது கறுப்புக் கொடி.
பியெரோ! என் சிரிப்பு
எனக்கு மறந்துபோயிற்று!
திருப்பிக் கொடு எனக்கு,
ஆன்மாவின் குதிரை வைத்தியனே,
கவிதையின் பனிமனிதனே,
நிலாவின் மகாராஜனே,
பியெரோ! என் சிரிப்பை!

(கறுப்புக் கொடி என்றதும் நம்மூர் ஆர்ப்பாட்டம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இது கப்பல் கொடி.)

பதின்மூன்று வரிகள். முதல் இரண்டு வரி நடுவில் அப்படியே திரும்புகிறது, முதல் வரி கடைசியில் இன்னொரு முறை வருகிறது. ‘பியெரோ லூனேர்’ கவிதைகள் எல்லாமே இந்தக் கட்டுதான். முதல் முறை அது ஒரு செய்தி. கொடியைப் பார்த்தபின் வரும்போது புலம்பல். கடைசியில் கெஞ்சல். வரி மாறவில்லை, அதற்கு முன்னால் நடந்தது மாறிவிட்டது.

இப்போது சலோனென் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் எழுதியது ஒரு ஷகான். அதாவது ஒரே ஹார்மனி வரிசை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை) ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அடித்தளம் அதேதான், மேலே ஓடுவது மட்டும் மாறும். பாக்கின் டி மைனர் பார்ட்டிட்டாவின் (பல நடனப் பகுதிகள் சேர்ந்த படைப்பு) கடைசிப் பகுதி இந்த வகையில் பெரிய கோபுரம், தனி வயலினுக்கு ஷகான் எழுதும் எவரும் அதன் நிழலில்தான் நிற்க வேண்டும். சலோனென் அந்தப் பழைய வடிவத்தை எடுத்து இந்தக் கவிதைக்குக் கொடுத்தார். மெதுவாக, பாடுவதுபோல ஆரம்பிக்கிறது. பிறகு அதே வரிசை இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் பதற்றமாக. கடைசியில் வெறி பிடித்தாற்போல ஓடி உச்சத்துக்குப் போய், அதன்பின் சுருக்கமான ஒரு முடிவு. ஒரே வேண்டுதலை மாற்றாமல் சொல்லிச் சொல்லிக் குரல் உடைகிற ஆள் ஒருவன் உங்களுக்கு அதில் கேட்டால், நீங்கள் கவிதையைக் கேட்டுவிட்டீர்கள். கேட்பவர்கள் தொலைத்த உணர்ச்சியை மீட்டுக் கொடுக்கப் போராடும் ஒரு சீரியஸான கோமாளியாகவே வாசிப்பவரைப் பார்த்ததாகச் சலோனெனும் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், யாரும் பெரிதாகப் பேசாதது. ‘பியெரோ லூனேர்’ குழுவில் வயலின் உண்டு, அதே ஆள் வயோலாவும் எடுப்பார். ஆனால் இந்த ஒன்பதாவது பாட்டில் குரலோடு வாசிப்பது கிளாரினெட்டும் பியானோவும் மட்டுமே. வயலின்காரர் அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அன்று வாயே திறக்காத வாத்தியத்திடம் தொண்ணூறு வருடம் கழித்து அந்தப் பாட்டின் சொல்லைக் கொடுத்திருக்கிறார் சலோனென். திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, கேட்கும்போது அது தெரிகிறது.

நம் காதுக்கு இது ஏன் சிரமம் என்றும் சொல்லிவிடுகிறேன். நாம் ஒற்றை வரியைப் பின்தொடரப் பழகியவர்கள், கமகத்தில் ருசி தேடுகிறவர்கள். ஷகானில் திரும்பி வருவது மெட்டு அல்ல, அடியில் இருக்கும் ஹார்மனி. அதுவும் வயலினில் பாதி மறைந்திருக்கும். வயலினின் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வளைவாக இருப்பதால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்தியில்தான் நின்று ஒலிக்க முடியும். மூன்று நான்கு வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாக வாரிவிட வேண்டும். கீழ்ச் சுரத்தைத் தொட்டுவிட்டு வில் மேலே போய்விடும், அந்தச் சுரம் இன்னும் ஒலிப்பதாக நீங்கள்தான் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஆரம்பத்தில் மேலே ஓடுவதை விட்டுவிட்டு அடிச்சுரங்களை மட்டும் முணுமுணுத்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றுக்குள் பிடிபட்டுவிட்டது.

படித்துவிட்டுக் கேட்பதா என்றால், ஆமாம். இந்தப் படைப்புக்குப் படித்துவிட்டே கேளுங்கள். முன்கூட்டிப் படித்தால் கற்பனை கெட்டுப்போகும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தலைப்பையே பாட்டிலிருந்து எடுத்தவர் உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். ஷோன்பெர்க்கின் அந்த ஒன்பதாவது பாட்டு ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் வரும், அதை இரண்டு முறை கேட்டுவிட்டு உடனே சலோனெனைப் போடுங்கள். ஜெனிஃபர் கோ வாசித்த பதிவு எனக்குப் பிடிக்கும், வேகம் ஏறும்போதும் அடிச்சுரங்களை அவர் விழுங்குவதில்லை.

மகள் விஷயம். தடுக்காதீர்கள், ஆனால் நேரே இதில் இறங்கவும் விடாதீர்கள். எட்டாவது கிரேடுக்கும் இதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அதே டி மைனர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி, அலமாண்ட், பெரும்பாலும் ஒற்றைச் சுரமாகவே ஓடும், ஆனால் உள்ளே முழு ஹார்மனியும் ஒளிந்திருக்கும். அதை வாசிக்கச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அடிச்சுரங்களைப் பாடுங்கள். உங்கள் கச்சேரிக் காதுக்கு அது நல்ல பயிற்சி, அவளுக்கும் உதவும். அது கைக்கு வந்தபின் டீச்சர் சரி என்றால் சலோனெனின் முதல் பக்கத்தை எடுக்கட்டும். எர்ன்ஸ்ட் மட்டும் இப்போது வேண்டாம். விரலை அவ்வளவு விரித்து ஒரு ஸ்தாயி இடைவெளிகளை (ஆக்டேவ்) விடாமல் அடித்தால் வளரும் பிள்ளையின் இடது கை தாங்காது, மணிக்கட்டு வலி என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.